அண்ணி வார்த்த கறுப்பு வளையம்

போன வாரம் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டுக்கொள்ள வாயைப் பிளந்து கிடந்தபோது, பக்கத்து மேசையில் நர்ஸ் ஒரு சின்னப் புட்டியைத் திறந்தார். நகப்பூச்சும் அழுகிய அன்னாசியும் சேர்ந்து மூக்கின் உச்சிக்கு ஏறினாற்போல ஒரு நெடி. உடனே எனக்குக் கோபம் வந்தது. பல் டாக்டர் மீதல்ல, இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு வளையத்தின் மீது. அந்தத் திரவத்தைப் பொடியோடு குழைத்துத்தான் பல்செட்டுக்கு ஈறு செய்வார்கள். என் அண்ணி அதில் காருக்கு வளையம் செய்தார்.

தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊரில், ஹப்சிகுடாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணியின் பல் க்ளினிக், மாடியில் நாங்கள். போர்ட்டிகோவில், தார்ப்பாய்க்கு அடியில், அண்ணனின் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், எங்களைவிட வயதில் மூத்தது. அண்ணன் அமெரிக்க வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கார் விற்றதும் க்ளினிக்கை மூடிவிட்டு அண்ணி கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே மறுபடி படித்துத் தேர்வெழுதாமல் அவர் ஒரு பல்லைத் தொட முடியாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அண்ணி இந்த ஊரிலேயே பிறந்தவர், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவரின் மகள். எங்கள் திருநெல்வேலித் தமிழுக்கு அவர் ஊர் உருதுவில், ஆமாம் என்றால் ‘ஹவ்’, வேண்டாம் என்றால் ‘நக்கோ’ என்று பதில் சொல்வார்.

வாங்க வந்தவர் பழைய கார்களைச் சேர்க்கிற பணக்காரர். இஞ்சினைக் கேட்டார், கதவை அடித்துப் பார்த்தார், எல்லாம் பிடித்தது. உள்ளே உட்கார்ந்ததும் முகம் சுருங்கியது. வேகம் காட்டும் முள்ளைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் வெயிலில் வெடித்து, கால்வாசி உதிர்ந்து போயிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான், சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். நான் ஞாயிறுதோறும் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். அந்த வளையம் இந்த ஊரிலேயே இல்லை. அப்போதுதான் அண்ணி, “குடுங்க தம்பி, இது ஒரு பல்லு மாதிரிதானே?” என்றார். நானும், மடையன், கொடுத்தேன்.

பக்கத்திலேயே, இஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளுக்கு அதே அளவில் ஒரு முழு வளையம் இருந்தது. பல்லுக்கு அச்செடுக்கும் பசையை அதன்மேல் அப்பி அச்செடுத்தார். அச்சில் மெழுகை ஊற்றி வளையமாக்கி, அதைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டி, மெழுகை உருக்கி எடுத்த குழியில் பொடியும் திரவமும் குழைத்து வார்த்தார். முதல் வளையம் ஈறு நிறத்தில், வெட்கங்கெட்ட ரோஸில் வந்தது. கறுப்புச் சாயம் கேட்டிருந்த கடையிலிருந்து வந்து சேரவில்லை, வடிவம் சரியா என்று பார்க்கத்தான் என்றார். மேசை மேல் அதைப் பார்த்த ஒரு நோயாளி, “இதி எவரி பன்னு டாக்டரம்மா?” என்று மிரண்டார். யாருடைய பல் இது? எங்கள் எல்லோருடைய பல்லையும் பிடுங்கப்போகிற பல் என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது வளையம் கறுப்பாகவே வந்தது. பொருந்தியது. நான் கை தட்டினேன். அண்ணி பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியை எடுத்துவந்து, காருக்குள் உட்கார்ந்து, வளையமும் டாஷ்போர்டும் சேரும் விளிம்பில் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் ஊசி நின்றது.

“ஹவ், பாருங்க. தட்டுது.”

“தட்டினா என்ன அண்ணி? இது காரு. வாயி இல்ல. இதுல யாரும் முறுக்கு கடிக்கப் போறதில்ல.”

“வாயிக்குள்ள யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்க தம்பி. இதை தினம் பாப்பாங்க.”

மூன்றாவதும் தட்டியது. நான்காவதில், விளிம்பில் ஓடவேண்டிய வெள்ளிக் கோடு கோணல். ஐந்தாவதில் ஒரு கொசுமுட்டை அளவுக்குக் காற்றுக் குமிழி. தேய்த்தார், வார்த்தார், மறுபடி தேய்த்தார். கொண்டாப்பூரில் என் அலுவலகத்தில் ஆயிரம் ஓட்டைகளோடு மென்பொருளை அனுப்பிவிட்டு கேக் வெட்டுகிற கூட்டத்திலிருந்து வீடு திரும்பினால், இங்கே ஒரு வளையத்துக்கு இந்தத் தவம். அண்ணன் வாராவாரம் என்னைத்தான் போனில் பிடிப்பான். “ஏலே, முடிஞ்சுதா இல்லியா? வளையமா செய்யுதா, வைரத்தோடா?” அண்ணியிடமே கேளேன் என்றால், “நான் கேட்டா சண்டை வரும்லே” என்பான். அவன் கேட்காததையெல்லாம் நான் கேட்டேன். அண்ணி ஒருமுறைகூடக் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

வாங்குகிறவர் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கெடு வைத்தார். அன்று காலை அண்ணி போவன்பள்ளிக்குக் காய் வாங்கப் போயிருந்தபோது க்ளினிக்கில் நுழைந்தேன். “இன்னும் ஆகல” என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த ஆறாவது வளையத்தை எடுத்து, நாலு சொட்டு உடனடிப் பசை விட்டு, டாஷ்போர்டில் அழுத்தி ஒட்டிவிட்டேன். வந்தவர் உள்ளே உட்கார்ந்தார். வளையத்தைப் பார்க்கவே இல்லை. டயர் எந்த வருடம் என்று கேட்டார், ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டார், சாவியை வாங்கிக்கொண்டார்.

கார் கேட்டைத் தாண்டுமுன் அண்ணி காய்ப் பைகளோடு வந்துவிட்டார். ஒரு நிமிஷம் என்று வாங்கியவரை நிறுத்தி, ஜன்னல் வழியே கை நீட்டி, விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி வந்தார். நகம் நின்ற இடம் எனக்கே தெரிந்தது. “நல்லா ஓட்டுங்க” என்று அவரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கத்தரிக்காயைக் கூடையில் கொட்டினார்.

அதற்குப் பிறகுதான், மிக மெதுவாக, என் மண்டையில் ஒன்று ஏறியது. வாய் முழுக்கப் பல் இல்லாத கிழவருக்கு நாலு தடவை வரச்சொல்லி செட்டு மாட்டி அனுப்புகிற கை அது. ஒரு வளையத்துக்கு மூன்று மாதம் எடுத்தது. வேண்டுமென்றே என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே தட்டியது, ஊசி பொய் சொல்லாது. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்ததோ என்னவோ. போகப் பிடிக்கவில்லை என்று அண்ணி வாய்விட்டுக் கேட்டிருந்தால் அண்ணனிடம் நான் பேசியிருப்பேனா? பேசியிருக்க மாட்டேன். நானும் சண்டை வரும் என்றுதான் சொல்லியிருப்பேன். தேர்வெழுத அண்ணிக்கு அங்கே நேரம் வாய்க்கவில்லை. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து இன்று அண்ணி நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். அதை அவர் போனில் சிரித்தபடியே சொல்லும்போது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ரிசீவரைத் திட்டியிருக்கிறேன்.

க்ளினிக் நாற்காலியை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுவாரம், பேகம்பேட்டை விமான நிலையத்தில் அண்ணியின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் இழைத்து வைத்திருந்தேன். வாசலில் போலீஸ்காரர் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திரும்பினார்.

“தம்பி, போஸ்ட்மாஸ்டர் ஐயாவோட கீழ்ச்செட்டு ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல, தண்ணியில கிடக்கு. செவ்வாக்கிழமை வருவார், குடுத்துடுங்க. எங்கயாவது உறுத்துதுன்னு சொன்னா தார்நாகா டாக்டர்கிட்ட அனுப்புங்க. நீங்க மட்டும் கை வெக்காதீங்க.”