தண்ணீர்மலைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

போன மாதம் இரண்டு முறை தலைவலி வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு மாத்திரை போதும். பதின்மூன்று வயதில் மூளைக்குள் ஜெர்ம் செல் கட்டி வந்து குணமான எனக்கு அது போதாது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி திரும்பிவிட்டதா என்று கேட்டு வர, செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பைராம் தோட்டத்திலிருந்து நிபோங் திபால் ஸ்டேஷன் வரை மோட்டார் சைக்கிள், பட்டர்வொர்த்துக்கு ரயில், பிறகு ஃபெரி. ஆளுக்கு இரண்டு வெள்ளிக் கட்டணம், கால் மணி நேரத்துக்குள் ஜார்ஜ்டவுன். ஃபெரி வாசலில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இன்னிக்கி ஸ்கூல் லீவா?"

"எனக்கு இருபத்திரண்டு வயசுலா, அண்ணே!"

அவர் நம்பவில்லை. கட்டி வந்தபோதே என் வளர்த்தியும் நின்றுபோனது. இதற்கெல்லாம் கோபப்பட்டால் நான் வீட்டை விட்டே கிளம்ப முடியாது.

புது ஃபெரியில் குளிர்சாதனம் உண்டு. ஆனாலும் எனக்குப் பழைய மஞ்சள் ஃபெரிதான் ஃபெரி. கதிர்வீச்சுக்குப் போய்வந்த நாள்களில் அதன் மேல்தட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். காரம் எனக்கு ஆகாது என்று சம்பலை முழுக்க அம்மாவே சாப்பிட்டுவிடுவார். அந்தக் காற்றுக்கு இன்னும் ஏங்குகிறேன். சீக்காக இருந்த காலத்துக்கு ஏங்குகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கட்டி இருப்பது தெரியவருமுன், அந்த வருடம் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலையும் நான் விடவில்லை. மோர், ரோஸ் சிரப், பச்சைத் தண்ணீர் எல்லாம் உள்ளே போயின. சொந்தக்காரர்கள் ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். விரதமிருந்த உடம்பு, வெயில் வேறு என்றார் அம்மா. வீடு திரும்பியும் தாகம் அடங்கவில்லை, ராத்திரியெல்லாம் சிறுநீர். கிளினிக்கில் சர்க்கரை இல்லை என்றதும் நிம்மதியாகி, முருகனுக்கு நன்றி சொல்ல மறுபடி தண்ணீர்மலைக்குப் போனோம். கோபுரத்தைப் பார்க்க நான் கண்ணை உயர்த்தாமல் தலையை முழுக்கப் பின்னால் சாய்ப்பதை அம்மா அடிவாரத்தில்தான் கவனித்தார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம், கட்டி தெரிந்தது.

பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டால், வளராமல் நின்றால், மேலே பார்க்கத் திணறினால், சர்க்கரை இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். வேறென்ன என்று கேளுங்கள். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் சிகிச்சைக்கு நன்றாகவே அடங்கும். தாகத்துக்கான மாத்திரையை மட்டும் நான் இன்றும் விழுங்குகிறேன்.

புது ஸ்கேன் படத்தில் கட்டி இல்லை, தலைவலி உன் பழைய மூக்குக்கண்ணாடியால்தான், அதை மாற்று என்றார் டாக்டர். அம்மா மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அங்கிருந்து கிராப் டாக்ஸி பிடித்துத் தண்ணீர்மலை. அடிவாரத்தில் வழக்கம்போல என் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைய ஆட்டாத. மேல பாரு. கோபுரம் தெரியுதா?"

"தெரியுதும்மா."

படியேறுகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். தைப்பூசம் இல்லாத நாளில் பந்தல் இருக்காது. நான் பாட்டிலைத் திறந்தேன். அம்மா அதை வாங்கி, ஒரே மூச்சில் காலி செய்தார். காலையிலிருந்து அவர் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒட்டகம்" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.