நீங்கள் முதல் போங்கோ

இறங்கும் எஸ்கலேட்டர் என்றால் எனக்குப் பயம். ஏறுவதில் நான் சிங்கம். இறங்கும்போது மட்டும், காலடியில் ஒவ்வொன்றாக முளைத்து நழுவிப்போகும் படிகளைப் பார்த்தால், எதில் காலை வைப்பது என்று முழங்கால்கள் இரண்டும் தங்களுக்குள் வாக்குவாதப்படத் தொடங்கிவிடும்.

இதை மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன். பின்னால் வருகிறவருக்குக் கையை நீட்டி, "நீங்கள் முதல் போங்கோ" என்பேன். எல்லாரும் போய் முடிந்ததும் பக்கத்துப் படிக்கட்டால் நைசாக இறங்கிவிடுவேன். இதனால் டொராண்டோவின் ஸ்காபரோவில் எனக்குப் பண்பான மனிதர் என்று பெயர்.

போன மாசியில் மகளின் கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கப் புறப்பட்டோம். மாப்பிள்ளையின் தாயார் ஒஷாவாவிலிருந்து வந்திருந்தார். அன்றுதான் முதற் சந்திப்பு. சரிவின் மேலே வீதி, கீழே சப்வே ரயில் நிலையம்; இடையில் தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும் போட்டு, வெட்டவெளியில் ஓடும் நீளமான எஸ்கலேட்டர். மகளும் மாப்பிள்ளையும் கதைத்தபடி இறங்கிப் போய்விட்டார்கள். நான் படிக்கட்டைப் பார்த்தேன். ஐஸ் என்று குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு முன்னால் என் மானம் அந்த நாடாவில் தொங்கியது.

"நீங்கள் முதல் போங்கோ அக்கா."

"இல்லை அண்ணை, நீங்கள் போங்கோ."

"மாப்பிள்ளை வீட்டுக்காரர்தானே முதல்."

"பொம்பிளை வீட்டுக்காரரை விட்டிட்டுப் போறதோ? சீச்சீ."

எங்களைச் சுற்றிக்கொண்டு பாதி டொராண்டோ இறங்கிப் போனது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுறன். எனக்கு உதில கால் வைக்கப் பயம்."

மகள் நல்ல குடும்பத்தில்தான் போய்ச் சேருகிறாள் என்பது எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

"எனக்கும்தான் அக்கா."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரம் மரியாதை காட்டினனீங்கள்?"

அவர் என் ஜாக்கெட் கையைப் பிடித்தார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். "முருகா" என்று இருவரும் ஒன்றாகக் காலை வைத்தோம். நான் கண்ணைத் திறந்தபோது பாதித் தூரம் வந்திருந்தோம். சரிவெல்லாம் பனி, வெயில் பட்டு மின்னியது. நன்றாகத்தான் இருந்தது.

கீழே மகள் முறைத்தாள். "என்னப்பா, சண்டையோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார் சம்பந்தியம்மா. "உங்கட அப்பா சரியான மரியாதையான ஆள். என்னை விட்டிட்டு இறங்கமாட்டன் எண்டு நிண்டவர்."

மண்டபம் பிடித்துப்போய் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினோம். இப்போது எஸ்கலேட்டரில் ஏற வேண்டும். நான் ஒரே பாய்ச்சலில் முதல் ஆளாக ஏறி நின்றேன்.

"அப்பா, சீரியஸ்லி? அன்ரியை முதல் விடத் தெரியாதோ?"

பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் சிரிப்பு வீதிவரை என்னோடு ஏறி வந்தது.