தோஹா பெரிசா, கொழும்பு பெரிசா?

பிள்ளைகளே, நான் தோஹாவிலிருந்து லீவில் வந்தபோது, என்னைக் கூட்டிப்போக மாமாவோடு கொழும்பு ஸ்டேஷன் வரை வந்திருந்தீர்கள். வீடு திரும்பும் ரம்புக்கனை ரயிலில், "அப்பா, தோஹா பெரிசா, கொழும்பு பெரிசா?" என்று கேட்டீர்கள். தோஹாதான் என்றேன். ஆனால் அந்த ஊரைக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில்தான் பார்த்தேன். தொழிலாளர் கேம்பை விட்டால் வேலை, வேலையை விட்டால் கேம்ப். வேலை போனால் கேம்பில் கொடுத்த கட்டிலும் போய்விடும்.

திரும்பிப் போகாமல் நாம் எல்லோரும் கொழும்பில் குடியேறலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, தோட்டத்து லயத்து வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"நான் வேலைக்குப் போறதாலதாங்க தோட்டத்துல இந்த லயத்துக் காம்பராவ நமக்கு விட்டு வச்சிருக்காங்க. நின்னுட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கொழும்புல வேலை சரிவராட்டி புள்ளைங்களோட எங்க வந்து நிக்கிறது?"

"தோஹாவுலயும் இதே கததான்," என்றேன்.

"இதுக்குப் போயி பிளேன்ல போனீங்களாக்கும்!"

சிரித்தோம். மறுநாளும் அவள் வாளியோடு ரப்பர் மலைக்குப் போனாள். லீவு முடிந்ததும் நான் தோஹாவில் மறுபடி அந்தக் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறினேன். கொழும்பை நீங்களும் இதுவரை ரயில் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறீர்கள்.