பம்பின் பின்பக்கம்

குழந்தைகள் இதயப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் டார்ச் அக்கா. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்துக்கு ஒரு டார்ச் கட்டாயம் இருக்கும். பதினாறு வருடமாக அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு ஓடியது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரத்தத்த முறைச்சுப் பாக்குற வேலை" என்பாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. இதயம் சோர்ந்துபோன குழந்தைகளுக்கு அங்கே வெளியிலிருந்து ஒரு பம்ப் வைப்பார்கள். எலுமிச்சம்பழ அளவுக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கிண்ணம். வயிற்றிலிருந்து வரும் இரண்டு தடித்த குழாய்களில் அது மாட்டியிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரம் காற்றைத் தள்ளித் தள்ளி அதை அடிக்க வைக்கும். இதயத்தின் வேலையைப் பம்ப் செய்ய, இதயம் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துத் தேறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரத்தத்துக்குப் பிளாஸ்டிக் பிடிக்காது. எங்கேயாவது ஒரு மூலையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது பிய்ந்து போனால் மூளைக்குத்தான் போகும். அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தாளில் இரண்டு வட்டம் போட்டிருக்கும், முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. கட்டி தெரிந்தால் அந்த இடத்தில் புள்ளி, சுத்தமாக இருந்தால் டிக்.

முன்பக்கம் பார்ப்பது சுலபம். பின்பக்கம் பார்க்கப் பம்பைத் தூக்கிப் புரட்ட வேண்டும். குழாய் நுழைந்த புண் இழுபடும். குழந்தை தொண்டை கிழியக் கத்தும். பெற்றவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்கள். டார்ச் அக்கா மசிய மாட்டாள். "இரக்கப்பட வேற ஆளுங்க இருக்காங்க. நான் கட்டி பாக்க வந்தவ. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பாள். பெற்ற மகன் தலைவலி என்று வந்து நின்றால்கூட, "எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பாளாம். கல்நெஞ்சக்காரி என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். பதினாறு வருடத்தில் அவள் பார்த்த பம்பிலிருந்து ஒரு கட்டியும் தப்பிப் போனதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்த நாலரை வயதுப் பெண் வந்து சேர்ந்தாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிட்டார்கள். சாதாரணக் காய்ச்சலாக ஆரம்பித்தது இதயத் தசைக்குப் பரவி, பத்தே நாளில் பம்ப் வைக்கும்படி ஆகிவிட்டது. அம்மா தையல் கம்பெனியில் காலர் தைப்பவள், வாய் திறந்து பேசவே யோசிப்பவள். அப்பா சரக்கு வண்டி ஓட்டுபவர். எதற்கெடுத்தாலும் யார் மேல் தப்பு என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தினமும் சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் நின்று மனைவியைப் பார்த்து ஒரே வசனத்தைச் சொல்வார். "காய்ச்சல்தானே, ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்னு சொன்னவ நீதானே?"

சிட்டு வாயாடி. டார்ச் அக்காவுக்கு வெளிச்சப் பேய் என்று பெயர் வைத்தாள். கதவருகே அவள் தலை தெரிந்தாலே, "அம்மா, வெளிச்சப் பேய் வருது, லைட்ட புடுங்கி வெச்சுக்கோ" என்று அலறுவாள். பத்தொன்பதாம் நாள் பெரிய டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இதயம் திரும்பி வருகிறது, இன்னும் சில வாரத்தில் பம்பை எடுத்துவிடலாம் என்றார். அந்தத் தாய் அன்றைக்குத்தான் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஆனால் குழாய்ப் புண் சீழ் பிடித்திருந்தது. மூன்று நாளாகக் குழந்தை தூங்கவில்லை. இருபதாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு டார்ச் அக்கா உள்ளே போனபோது சிட்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து வந்து வழியை மறித்து நின்றாள்.

"அக்கா, இப்பதான் கண்ணசந்தா. இந்த ஒரு தடவ பின்பக்கம் வேணாம்க்கா. ஆறு மணிக்குப் பாத்துக்கலாமே."

வேறு நாளாக இருந்தால் அந்தத் தாய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு டார்ச் அக்காவுக்கு என்ன ஆனதோ, அவளுக்கே தெரியாது. முன்பக்கம் வெளிச்சம் அடித்தாள். சுத்தம். பம்புக்கு அடியில் கையைக் கொண்டுபோனாள். குழந்தை தூக்கத்தில் லேசாக முனகியது. கையை எடுத்துவிட்டாள்.

"சரி, தூங்கட்டும்" என்றாள்.

பின்பக்க வட்டத்தை வெறுமனே விட்டால் அடுத்த ஆள் கேள்வி கேட்பான். இரண்டு வட்டத்திலும் டிக் போட்டாள்.

ஐந்தேகால் மணிக்குச் சிட்டு எழுந்து தண்ணீர் கேட்டாள். கேட்டது தண்ணீர்தான் என்பது அவள் கண் போன இடத்தை வைத்துத்தான் தெரிந்தது. நாக்கு குழறியது. வலது கையில் கொடுத்த டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. டார்ச் அக்கா ஓடி வந்து பம்பைப் புரட்டினாள். குழந்தை கத்தவில்லை. பின்பக்கத்தில், ரத்தம் வெளியேறும் வால்வு ஓரத்தில், பாதி பிய்ந்துபோன கட்டி ஒன்று வெள்ளை நார்போல ஆடிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி மூளையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் தன் அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார். மேசையில் அந்தத் தாள்.

"ரெண்டு மணிக்கு ரெண்டு பக்கமும் பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். சுத்தமா இருந்துச்சு" என்றாள் டார்ச் அக்கா. பதினாறு வருட வேலை அவளைப் பேச வைத்தது. வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

அப்பா மனைவி பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலயேதானே இருந்த? பாத்தாங்களா?"

அந்தத் தாய் டார்ச் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். 

"பாத்தாங்க" என்றாள்.

இடைப்பட்ட நேரத்தில் வந்த கட்டி, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். சிட்டுவின் இதயம் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஜோராகத் தேறியது. நாற்பத்தொன்றாம் நாள் பம்பை எடுத்தார்கள். பிரிவில் எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். வருட அறிக்கையில் "இதயம் முழுமையாக மீண்டது" என்ற கட்டத்தில் ஒரு எண் கூடியது. வலது கைக்கும் பேச்சுக்கும் அந்த அறிக்கையில் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அந்தத் தாய் குழந்தையோடு வருவாள். கைக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்கும் அறை கீழ்த் தளத்தில் இருந்தது. ஆனாலும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறி வந்து, பிரிவின் கதவருகே டார்ச் அக்கா வெளியே வரும்வரை காத்திருப்பாள். "அக்காவுக்கு டாட்டா காட்டு" என்பாள். குழந்தை இடது கையை ஆட்டும். வெளிச்சப் பேய் என்று சொல்ல வாய் வரவில்லை. டார்ச் அக்கா சிரித்துவிட்டு உள்ளே போய்க் கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அந்தத் தாய் தன்னைக் காப்பாற்றினாள், மன்னித்தும் விட்டாள், நன்றி மறக்காமல் வருகிறாள் என்றுதான் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஏழாவது மாதம் டார்ச் அக்காவால் பொறுக்க முடியவில்லை. படியருகே அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்னை ஏம்மா காப்பாத்துன? நான் பின்பக்கம் பாக்கலன்னு உனக்குத் தெரியும்ல?"

"உங்கள யாருக்கா காப்பாத்துனா?" என்றாள் அந்தத் தாய், குரலை உயர்த்தாமல். "பின்பக்கம் வேணாம்னு நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அவர் என்னை வீட்டுல விட்டுருப்பாரா? சிட்டுவ என்கிட்ட குடுத்துருப்பாரா? எனக்காகத்தான் சொன்னேன்."

"அப்ப மாசாமாசம் இவ்ளோ தூரம் ஏறி வர்றது?"

"வீட்டுல தினமும் நான் பாக்குறேன்க்கா. மாசத்துல ஒரு நாளாவது நீங்களும் பாருங்க."

இடுப்பிலிருந்து நழுவிய குழந்தையைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டாள். "அக்காவுக்கு டாட்டா காட்டும்மா. அடுத்த மாசமும் வருவோம்ல."