தேர் வெளிக்கிட்ட நேரத்தில் ஒரு பயாஸ் அப்டேட்

போன கிழமை என் பழைய கொம்பியூட்டரின் பயாஸை அப்டேட் செய்வதா, விடுவதா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். பொம்பிளை பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. இதை என் மனைவி வாசிக்க மாட்டாள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

பயாஸ் என்றால்? நீங்கள் பட்டனை அழுத்தியதும் வின்டோஸ் கண் விழிக்கும் முன்பே விழித்து, ‘எழும்பு, எழும்பு’ என்று மற்ற எல்லாரையும் தட்டி எழுப்புகிற ஒரு சின்ன நிரல். அதை மாற்றும்போது நடுவில் கரண்ட் போனால் முடிந்தது கதை. பிறகு எழுப்புவதற்கே ஆளில்லை.

இப்படி ஒரு ஆபத்தில் ஏன் தலையைக் கொடுத்தேன்? மகேஸ்வரி அக்காவுக்காக.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. அவரின் கணவர் சிவபாதம் அண்ணை, வெங்காயத் தோட்டக்காரர், போன மாதம் காலமானார். பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையில் யார் இறந்தாலும் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை... அதுதான், கல்வெட்டை... தயாரிப்பது நான். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவன் தேவாரம் திருவாசகத்தை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கிறான் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர்.

அண்ணையின் கல்வெட்டு முப்பத்திரண்டு பக்கம். அதில் நான்கு பக்கம் அக்கா சொன்னது. மூன்று பின்னேரம் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தன் மனிசனைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இடையில் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கே விட்டேன் என்று கேட்டுத் தொடர்ந்தார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் கொம்பியூட்டரின் இரண்டு மெமரித் துண்டுகளில் ஒன்று செத்துப்போனது. மிச்சமிருந்த ஒன்றோடு படம் நிறைந்த பக்கத்தைத் திறந்தால் மெஷின் மூச்சுத் திணறி நின்றுவிடும். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு புது மெமரி வாங்கிப் போட்டேன். அதைப் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே உறைந்து நிற்கும்.

கடைக்காரத் தம்பிக்கு போன் பண்ணினேன். பயாஸை அப்டேட் பண்ணினால் அது புது மெமரியை ஏற்கும் என்றான். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்ட் குப்பைக்குத்தான், உங்கள் போர்ட்டின் வயதுக்கு வேறு ஒன்று தேடினாலும் கிடைக்காது, நான் பொறுப்பில்லை என்றும் சொன்னான்.

வேறு கொம்பியூட்டரில் திறந்தால் என்ன என்று கேட்பீர்கள். திறந்து பார்த்தேன். நான் பாவிப்பது பழைய காலத்துச் சொஃப்ட்வெயார், பழைய எழுத்துரு. மற்ற இடத்தில் பக்கமெல்லாம் கலைந்து, திருவாசகம் சீன மொழி போலத் தெரிந்தது. அச்சிட மட்டுமென்றால் அச்சகத்துக்கு ஒரு நாள் போதும், புதிதாக அடித்துத் தர ஒரு கிழமை கேட்டார்கள். முப்பத்தோராம் நாளுக்கு இருந்ததோ ஆறு நாள்!

சரி, நாலு பேரிடம் கேட்போம் என்று குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். அது நான் செய்த முதல் பிழை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் ஏழு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கேட்டு முடித்தபோது எனக்குப் பயாஸ் என்றால் என்ன என்பதே மறந்துவிட்டது. என் மனைவி சுருக்கமாகச் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, ஓடுற மட்டும் ஓடட்டும். நோண்டாதேங்கோ.”

இதுதானே எங்களின் பொது வேதம்? முழங்கால் நோகும் — பாப்பம். கூரை ஒழுகும் — பாப்பம். மகளின் கலியாணத்துக்குச் சொந்தக்காரனோடு கதைக்க வேண்டும், இருபது வருசக் கோபம் — பாப்பம், பாப்பம். பயத்துக்கு நாங்கள் மரியாதையாக வைத்திருக்கிற பெயர் அது. நானும் மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. செய்வது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தபின் நான் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை, நம்புங்கள். சரியான மொடலுக்கு உரிய ஃபைல்தானா என்று மூன்று தரம் பார்த்தேன். பெஞ்சாதிப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அந்த மொடல் இலக்கத்தை உற்றுப் பார்த்தேன். புது மெமரியைக் கழற்றி வைத்தேன். கரண்ட் போனால் யூபிஎஸ் பற்றரி ஐந்து நிமிடம் தாங்கும் என்று சோதித்தேன். மின்வெட்டு அறிவித்தல் இருக்கிறதா என்று பேப்பரைப் புரட்டினேன். எங்கள் பகுதிக்கு ஒன்றுமில்லை.

செய்கிற நாளையும் கவனமாகத் தெரிவுசெய்தேன். அம்மன் கோவில் தேர். மனைவியும் அயலவர்களோடு பார்க்கப் போய்விடுவாள். ஊரே அங்கே நிற்கும், ஒருவரும் வந்து குறுக்கே கதைக்க மாட்டார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

எங்கள் வலிகாமப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது தலையில் கை வைத்திருப்பீர்கள். தேர் வீதிக்கு வந்தால் என்ன செய்வார்கள்? குறுக்கே போகிற வயரில் தேர்முடி தட்டாமல் இருக்கக் கரண்டை நிறுத்துவார்கள். எந்தப் பேப்பரிலும் அதைப் போட மாட்டார்கள், ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஐம்பத்து நான்கு வருசமாகத் தெரியும்! ஆனால் தேர் எங்கள் வீட்டுக் கலண்டரில் இல்லாத விஷயம். எனக்குத் தேர் என்றால் வீடு அமைதியாக இருக்கும் நாள், அவ்வளவுதான்.

அப்டேட்டைத் தொடங்கினேன். இருபது வீதம்... முப்பது... இரண்டு வளவுக்கும் இடையில் இருக்கிற வேலிப் பொட்டுக்குள்ளால் மகேஸ்வரி அக்கா வந்தார். அண்ணை இறந்த துடக்கு, அந்தத் தீட்டு, இன்னும் கழியாததால் அவர் கோவிலுக்குப் போகவில்லை. தேர் வெளிக்கிட்டுவிட்டது, இப்ப கரண்டை நிற்பாட்டுவார்கள், உந்தக் கொம்பியூட்டரை நிற்பாட்டி வையுங்கோ தம்பி என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது.

முப்பத்தெட்டு வீதம்.

துக்கவீட்டில் போய்க் கொம்பியூட்டர் கதை எதற்கு என்று அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ஊர் உலகமெல்லாம் கேட்டேன், அவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வசனத்தில் காப்பாற்றியிருப்பார்.

யூபிஎஸ் ஐந்து நிமிடம்தான் தாங்கும். ஆனால் ஒன்று புத்தியில் பட்டது. யூபிஎஸ்ஸில் இருந்து மொனிட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். இருக்கிற சார்ஜ் முழுவதும் பெட்டிக்கே போகட்டும். திரை கறுத்தது. இனி எத்தனை வீதம் என்று எனக்கும் தெரியாது. பெட்டியில் காதை வைத்து, உள்ளே சுற்றுகிற சின்ன விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இது இப்போது நின்றால் கல்வெட்டு முப்பத்தோராம் நாளுக்கு வராது, என்னை மன்னியுங்கோ என்றேன்.

அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தவில் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருசமும் சிவபாதம் அண்ணை வடம் பிடிக்கிற தேர் அது.

“வராட்டி விடுங்கோ தம்பி,” என்றார். “நான் எழும்பி நிண்டு வாயாலை சொல்லுறன். என்ரை மனிசனைப் பற்றிச் சொல்ல எனக்குப் புத்தகம் வேணுமே?”

நான்கு பேர் கூடினால் குசினிப் பக்கம், அடுப்படிக்குப் போய்விடுகிற மனுசி அவர். நான் திரும்பவும் பெட்டியில் காதை வைத்தேன்.

விசிறி நின்றது. அப்டேட் முடிந்து நின்றதா, பற்றரி தீர்ந்து நின்றதா? முக்கால் மணித்தியாலம் தெரியவில்லை. அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அப்படியே குடித்தோம்.

கரண்ட் வந்தது. மொனிட்டரைத் திரும்பக் கொழுவி, புது மெமரியைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, நின்றது. சுற்றியது, நின்றது. “கர்த்தாவே,” என்றேன் நான். “அம்மாளாச்சி,” என்றார் அக்கா. யாருக்குக் கேட்டதோ, மூன்றாம் தரம் திரையில் வெளிச்சம் வந்தது. அன்று பின்னேரமே எல்லாப் பக்கமும் உறையாமல் திறந்து, பிழை திருத்தி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டைக் கையோடு கொண்டுபோனேன். வந்த எல்லாருக்கும் கொடுத்தோம். சாப்பாட்டுக்கு முன் மகேஸ்வரி அக்கா குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொல்லத் தொடங்கினார். எனக்குச் சொன்ன நான்கு பக்கமும் சொன்னார். எனக்குச் சொல்லாததும் சொன்னார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

முப்பத்திரண்டு பக்கம், இவ்வளவு பாடு... அன்று ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை!