ஆடியில் போட்ட கையெழுத்து

எதையும் லேசில் நம்பாத குணம் எனக்கு அப்பாவழிச் சொத்து. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர் அவர். மற்றவர்கள் செய்து முடித்த உதிரிபாகத்தில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் செய்தார். தக்காளியைக்கூட மூன்று முறை திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அதனால்தான், வெளிநாட்டில் எனக்கு வேலை போய் நான் ஆவடிக்குத் திரும்பியிருந்த அந்த நாட்களில், “ஒண்ணும் அவசரம் இல்ல, நிதானமா எல்லாத்தையும் முடிச்சிட்டு வா” என்று என் கணவர் போனில் சொன்னதும், ஏன் அவசரம் இல்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அங்கே இரண்டு வருடம் நான் இருந்தது வேலைக்கான அனுமதியில். கம்பெனி எங்கள் பிரிவை இழுத்து மூடியதும் அந்த அனுமதியும் முடிந்தது. அவருக்கு நிரந்தர அனுமதி உண்டு. நான் மறுபடி அங்கே போய் வாழ வேண்டுமென்றால் அவர் மனைவி என்ற முறையில் புது அனுமதி வாங்க வேண்டும். கிடைத்தால் அவரோடு குடித்தனம், கிடைக்காவிட்டால் அவர் அங்கே, நான் அம்மாவோடு ஆவடி ஃப்ளாட்டில்.

“இனிமே உன் பர்மிட் கார்டே என்னாலதான்” என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இந்த ஆள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் கார்டும் போய்விடுமே என்று கணக்குப் போட்டேன். வீடியோவில் அவர் பேசப் பேச நான் பின்னால் இருந்த சமையலறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் காய வைக்கும் இடத்தில் இரண்டு காபிக் கோப்பைகள் இருந்தன.

“யார் வந்தாங்க?”

“யாரும் வரல. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துக் கழுவினேன்.”

நம்பவில்லை. அடுத்த நாளும் எண்ணிப் பார்த்தேன்.

நான் அவரை நம்பவில்லை, எங்கள் மாடியில் இருந்தவர்கள் என்னை நம்பவில்லை. எதிர் ஃப்ளாட் அக்கா தினமும் கேட்பார்: “இன்னாமா, மாப்ள வர்லியா? நீ மட்டும் தனியா வந்துகீற?” பேப்பர் வேலை என்று சொன்னால், “இன்னா பேப்பரோ” என்று முகத்தை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார். புருஷன் விரட்டிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது அந்த இழுப்பிலேயே தெரிந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு தேதி உண்டு. நிச்சயம் ஆன வருடம் அவருக்கு லீவு கிடைத்தது ஆடி மாதத்தில். சான்றிதழ் கையில் இருந்தால் பின்னால் விசாவுக்கு உதவும் என்று, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்தை மட்டும் போட்டுவிடுவது, தாலி தை மாதத்தில் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தது, நாங்கள் கல்யாணச் சான்றிதழ் எடுத்தோம். அம்மாவுக்கு வேறு கவலை. ஆடியில் கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன பேசுவார்களோ என்று பயம். வெறும் ஃபாரத்தில் கையெழுத்து, அது கல்யாணமே இல்லை, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவர் நசரத்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனார், நான் என் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாளில் அவர் விமானம் ஏறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அம்மா அதை மறைத்தாள். தை மாதம் பூந்தமல்லியில் மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டித் தாலி கட்டினார்கள்.

நடுவில், புரட்டாசியில், அவர் இருந்த ஊரிலேயே எனக்கு வேலை கிடைத்தது. அதற்கான அனுமதி விண்ணப்பத்தில் திருமணம் ஆனவரா என்ற இடத்தில் ‘ஆகவில்லை’ என்று குறித்தேன். “தாலி ஏறாம எப்படிடி ஆகும்?” என்று அம்மாவும் சொன்னாள்.

இப்போது புது அனுமதிக்கு அந்த ஆடிச் சான்றிதழைத்தான் கொடுத்திருந்தேன். கல்யாணம் நிஜமா என்று விசாரிக்க வக்கீல் ஆபீசிலிருந்து வீட்டுக்கு ஆள் வரலாம் என்று விண்ணப்பம் வாங்கியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. காரியம் முடியும் முன் யாரிடம் சொன்னாலும் கெட்டுப்போகும் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் வேலை விஷயமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டு மின்சார ரயிலில் திரும்பினேன். அம்மா வெற்றிமுகத்தோடு கதவைத் திறந்தாள்.

“யாரோ ஒருத்தன் ஃபைலைத் தூக்கிட்டு வந்தான்டி. வக்கீல் ஆபீசாம். ஆதார் கேட்டு ஏமாத்துற கூட்டமா இருக்கும்னு உள்ளயே விடல. உனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சுன்னு கேட்டான். தை மாசம்னேன். ஆடியில ரிஜிஸ்டர் ஆச்சாமேங்கிறான்! எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டே நிக்கிறா. அப்படி ஒண்ணும் நடக்கவே இல்லன்னு பச்சையாச் சொல்லிட்டேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அவள் சொன்ன இடத்திலேயே என் விசா படுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. யார் வந்திருந்தது என்று சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சான்றிதழில் ஆடி, தாயார் வாக்குமூலத்தில் தை, புரட்டாசியில் நானே எழுதியது திருமணம் ஆகவில்லை. மூன்றுக்கும் விளக்கம் வேண்டும், அது உண்மை என்று கணவரும் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா தன் பங்குக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு அக்கம்பக்கத்து ஆள் வேண்டியிருந்ததால் எதிர் ஃப்ளாட் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, “அவ்ளோதானா? நான் வேற இன்னாவோன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்று ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போட்டார்.

என் கணவர் தன் பக்கத்துக் காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார். வேறு ஏதாவது சிக்குமா என்றுதான் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஆடி மாதம் அவர் திரும்பிப் போன அந்த வாரத்திலேயே எல்லா இடத்திலும் ‘திருமணமானவர்’ என்று மாற்றியிருந்தார். வரியில், காப்பீட்டில், எல்லாவற்றிலும். ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர் ஆபீஸ் கேட்ட இடத்தில், ‘மனைவி’ என்று போட்டு என் பெயரும் ஆவடி வீட்டு முகவரியும் இருந்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து இதே முகவரியில் உட்கார்ந்து நான் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அம்மா சொன்னதற்காக நான் அப்படி எழுதவில்லை. அந்த ஃபாரத்தின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அங்கே போய்ப் பழகிப் பார்த்து ஆள் சரியில்லை என்றால் தாலிக்கு முன்னாலேயே கழன்றுகொள்ளலாம், காகிதத்திலாவது தனி ஆளாக இருப்போம் என்றுதான் குறித்தேன். அம்மாவின் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை.

விளக்கக் கடிதத்தில் இதையெல்லாம் எழுத முடியுமா? ‘எங்கள் வழக்கப்படி தாலி கட்டினால்தான் திருமணம் என்று நம்பியதால் அவ்வாறு குறிப்பிட்டேன்’ என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

“படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. நீ நிஜமாவே அப்படித்தான் நெனச்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் குரலில் துளி சந்தேகம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இல்ல” என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டவர், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார். இரவெல்லாம் நான் தூங்கவில்லை. இனி அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடாவிட்டால் கேட்கவும் எனக்கு வாயில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கடிதம் மெயிலில் வந்திருந்தது. கீழே, ‘என் மனைவி மேலே கூறியுள்ள காரணம் உண்மை என நான் அறிவேன்’ என்ற வரிக்கு அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. இத்தனை வருடம் துருவித் துருவி அவரிடம் நான் கண்டுபிடித்த பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார்.