வலிக்காத வீக்கமும் வலித்த வீக்கமும்

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்பட்டது. இடப்பக்கக் கழுத்தில், நெல்லிக்காய் அளவில், அழுத்தினாலும் வலிக்காத ஒரு வீக்கம்.

என் மனைவி ஸ்டெல்லா பார்த்தவுடன் சொல்லிவிட்டாள்: "பொன்னுக்கு வீங்கிங்க." தாடையடி வீங்கும் அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் பக்கம் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். தன் சங்கிலியையே கழற்றி எனக்கு மாட்டினாள். "தொலைச்சுப்போட்டீங்கன்னா ஊட்டுப் பக்கம் வராதீங்க."

பெரியநாயக்கன்பாளையம் பம்ப் பட்டறைக்கு, காலர் பொத்தானைப் போட்டு மறைத்துக்கொண்டு போனேன். தவக்காலத்தின் நாற்பது நாளும் சங்கிலியைக் கழற்றவில்லை. ஈஸ்டர் வந்தது, வீக்கம் போகவில்லை.

கோவையில் டாக்டர் அம்மா சங்கிலியை ஒதுக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"தங்கம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பொன்னுக்கு வீங்கியில எச்சில் சுரப்பி வீங்கும். இது நெறிங்க."

நெறி என்பது நிணநீர் முடிச்சு (உடம்பின் நிணநீரை வடிகட்டும் சிறு உருண்டை). அதற்குள் வெள்ளை அணுக்கள் (கிருமியை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) காத்திருக்கின்றன. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் கிருமியின் துணுக்குகள் நிணநீரோடு தொடையிடுக்கு நெறிக்கு வந்து சேரும். அடையாளம் கண்டுகொண்ட அணுக்கள் பெருகும்; நெறி வீங்கி வலிக்கும். வேலை முடிந்ததும் வற்றிவிடும்.

எனக்கு வலிக்கவுமில்லை, வற்றவுமில்லை. சதைப் பரிசோதனையில் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று வந்தது. காவலுக்கு இருந்த அணுக்களே கட்டுமீறிப் பெருகியிருந்தன. இதைப் படிப்பவர்கள் கழுத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். அது அவள் கழுத்துக்கே திரும்பியது.

கீமோதெரபி (புற்றை அழிக்கும் மருந்து) நல்ல வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். ஆடியில், மூன்றாம் சுற்றுக்குப் பிறகு, காய்ச்சல் வந்து தனியறையில் வைத்தார்கள். அதே வாரம் ஸ்டெல்லாவுக்குச் சளி. உள்ளே விடவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நின்று போனில் கேட்பாள்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் அணு ஏறியிருக்குதுங்களா?"

"இல்ல அம்மணி."

"அதுக்கென்னங்க அத்தனை கிராக்கி?"

பேச்சு முடிந்தாலும் போகமாட்டாள். சங்கிலியை விரலில் சுற்றியபடி நிற்பாள். கையுறை போடாத ஒரு கை என்மேல் படவேண்டும். அவ்வளவுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

அணுக்கள் ஏறின. அவள் உள்ளே வந்தாள். கிறிஸ்துமஸுக்குள் சிகிச்சை முடிந்தது. ஸ்கேனில் நோய் தெரியவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்தது, பின்னாலேயே எனக்கும். தாடைக்குக் கீழே மறுபடி ஒரு வீக்கம். அன்றைக்கே இருவரும் கோவைக்கு, அதே டாக்டர் அம்மாவிடம் போனோம். டாக்டர் அழுத்தியதும் "ஆ" என்றேன்.

"வலிக்குதுங்களா? நல்லதுங்க. உங்க வெள்ளை அணு வேலைக்கு வந்துட்ட மாதிரிதான் தெரியுது. ரெண்டு வாரம் பார்ப்போம். வத்தலைன்னா சோதிச்சுப் பார்த்தர்லாம்."

"என் சளிதானுங்க ஒட்டிக்கிச்சு," என்றாள் ஸ்டெல்லா, வெளியே வந்ததும். எனக்கு அது குறையாகப் படவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டவள் அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாள் என்றுதான் பட்டது.

அவள் சங்கிலிக் கொக்கியைக் கழற்றினாள். "போடட்டுங்களா?"

பலனில்லை என்பது இருவருக்கும் தெரியும். குனிந்து கொடுத்தேன். சங்கிலி அவள் சூட்டோடு இருந்தது.

வீக்கம் வற்றிவிட்டது. சங்கிலியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதைச் சரிசெய்வதுபோல தினமும் என் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். வருஷத்தைப் பண்டிகை பண்டிகையாகக் குறித்துவைத்தவன் நான். இப்போது என் காலமெல்லாம், அந்த விரல்கள் எதிலும் தட்டி நிற்காமல் கழுத்தின் மறுபக்கம் போய்ச் சேரும்வரைதான்.